டொரதியின் சிவப்புக் கியூடெக்ஸ்

பன்வில சந்தியிலிருந்து மேலே ஏறுகிற பாதையில், மாதா கோயிலைத் தாண்டி நாலாவது வீடு டொரதியுடையது. அந்த வீட்டில் அரிசி தீர்ந்துபோன நாள் இருக்கலாம், சிவப்புக் கியூடெக்ஸ் தீர்ந்துபோன நாள் கிடையாது. நகத்துக்குப் பூசுகிற அதே கியூடெக்ஸ்தான். ஆனால் ஐம்பத்தாறு வயதுக்குள் அவளுடைய ஒரு நகமாவது அந்தச் சிவப்பைக் கண்டிருக்குமா என்றால், இல்லை. கேஸ் சிலிண்டரின் அடியில் ஒரு பொட்டு. குடைப்பிடியின் உள்பக்கம் ஒரு பொட்டு. கோயில் திருநாளுக்குக் கறி கொடுத்தனுப்புகிற சட்டியின் குண்டியில் ஒரு பொட்டு. முட்டையிடுகிற கோழி மூன்றுக்கும் இடது காலில் ஆளுக்கொரு பொட்டு. எந்தச் சாமான் வாசலைத் தாண்டினாலும் அது திரும்பி வரும்போது அதே சாமானாக வரவேண்டும், அவ்வளவுதான் அவளுடைய சட்டம்.

புருஷன் ஜொனி தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டி ஓய்ந்த மனுஷன், வாய் மட்டும் ஓயவில்லை. எனக்கு மட்டும் ஏன் இன்னும் வைக்கவில்லை, என்னை யாரும் மாற்றிவிட மாட்டார்களா என்று ஒருநாள் கேட்டான். டொரதி சிரிக்காமல் பதில் சொன்னாள்.

"ஒன்ன யாராச்சும் மாத்துனா எனக்கு லாபந்தான். அதுனாலதான் வைக்கல."

இந்தப் புத்தி அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் அப்பா ஆசையாக வாங்கிய ரேடியோ ஒருநாள் நின்றுபோனது. டவுனுக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்க்கக் கொடுத்தார். திரும்பி வந்த பெட்டி போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி பேசியது. பிறகு யாரோ திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதெல்லாம் வேறு செட்டின் சாமான், வெளிப்பெட்டி மட்டும்தான் உங்களுடையது என்றார்கள். அப்பா போய்க் கேட்டாரா? கேட்கவில்லை. பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கோழைத்தனத்தை டொரதி அவர் செத்த பிறகும் மன்னிக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, இந்தச் சந்தேகப் புத்திதான் அவளுக்குச் சோறும் போட்டது. கண்டியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய வகுப்பில் டைப்பிங் படித்து, தோட்டத்து ஒபீசில் கிளாக்காக இருந்து, வேலையை விட்ட பிறகு வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டாள். பன்வில, வத்தேகம பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்குத் தவணைப் பரீட்சை வினாத்தாள் அடித்துக் கொடுப்பது அவள்தான். பன்னிரண்டு வருடம். ஒரு கேள்வியாவது வெளியே போயிருக்குமா? போகாது. வினாத்தாள் அடிக்கிற நாட்களில் அந்த அறைக்குள் ஜொனிக்கும் இடமில்லை. பிழையாக அடித்த பிரதிகள் நேரே அடுப்புக்குப் போகும். பக்கத்து வீட்டு அஷ்வினி எட்டாம் வகுப்பில் படிக்கிறாள் என்பதற்காக, பரீட்சை முடியும்வரை அவளுடைய அம்மாவிடம் சீனி கடன் கேட்பதைக்கூட டொரதி நிறுத்திவிடுவாள். டொரதி அக்கா அவருடைய நிழலையே நம்பமாட்டார், அதனால்தான் நாங்கள் அவரை நம்புகிறோம் என்று நிரஞ்சன் சேர் சொல்வார். பள்ளிக்கூடங்களிலிருந்து வினாத்தாள்களைச் சேர்த்துக்கொண்டு வந்து கொடுக்கிற ஆசிரியர் அவர். அந்தப் பேச்சைக் கேட்டால் டொரதிக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இந்த மூன்றாம் தவணைக்குப் பதினொரு வினாத்தாள் வந்தது. ஆறை அடித்து முடித்திருந்தாள். அன்றைக்குப் பின்னேரம் ஹுன்னஸ்கிரியப் பக்கத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்த மழை, ஒரே ஒரு இடியோடு அவளுடைய கம்ப்யூட்டரை முடித்துவிட்டுப் போனது. சின்னதாக ஒரு புகை, கருகின வாடை, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கை அவளே கழற்றி, முகம் துடைக்கிற லேன்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அடித்த ஆறு வினாத்தாளும் அதற்குள்தான் இருந்தன. வத்தேகமவில் போட்டோக்கொப்பி எடுக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடைக்காரன் அதைப் போட்டுப் பார்த்து, டிஸ்க் தப்பிவிட்டது, பெட்டிதான் செத்துவிட்டது என்றான். அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையில் கோப்புகளின் பெயர் தெரியாதபடி டொரதி கையால் மறைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் செத்த செய்தி கேட்டு நிரஞ்சன் சேர் போன் பண்ணினார். திங்கட்கிழமை காலையில் பதினொரு வினாத்தாளும் கையில் இருக்கவேண்டும். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், அந்த வத்தேகமக் கடையிலேயே கொடுத்துவிடலாம் என்று மற்ற ஆசிரியர்கள் சொல்கிறார்கள் என்றார். ஒருதரம் கைமாறிப் போன வேலை திரும்பி வராது என்பது டொரதிக்குத் தெரியும். அதுவும் எட்டுப் பேர் போட்டோக்கொப்பி எடுக்க நிற்கிற கடையில் வினாத்தாளா! திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

புதிதாக வாங்க வழியில்லை. கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு மாடிப்படி ஏறினால், பழைய கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கிற நஸீப்பின் கடை இருக்கிறது என்று ஜொனி விசாரித்து வந்தான். புதன்கிழமை காலையில் டொரதி பஸ் ஏறினாள். கைப்பையில் ஹார்ட் டிஸ்க், அதற்குப் பக்கத்தில் கியூடெக்ஸ் போத்தல்.

நஸீப் மடவளைப் பொடியன், முப்பது வயதிருக்கும். ஒரே ஆளாகக் கடை நடத்துகிறவன். கதிரையை இழுத்துப் போட்டு, "வாங்க மிஸ், இரிங்க" என்றான். இந்த மரியாதையைக் கண்டதும் டொரதிக்கு முதல் சந்தேகம் வந்தது. ஏதோ கொம்பனி கழித்துவிட்ட பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினான். உள்ளே மதர்போர்ட் நன்றாக இருந்தது, மற்றதெல்லாம் காலி. அதற்கு யாரோ பாவித்த பழைய ரேம் ஒன்று போடலாம், மலிவான சின்ன டிஸ்க் ஒன்றில் விண்டோஸ் போடலாம், மிஸ்ஸுடைய பழைய டிஸ்க்கைப் பக்கத்தில் மாட்டிப் பூட்டிக்கொள்ளலாம், புதிது வாங்குகிற விலையில் கால்வாசிக்கு முடிந்துவிடும் என்றான். கால்வாசியா? இவ்வளவு மலிவாகக் கொடுக்க இவனுக்கு என்ன தலையெழுத்து? டொரதி பெட்டியைக் குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தாள், கருகின வாடை ஏதும் வருகிறதா என்று. தூசு வாடைதான் வந்தது.

பழைய டிஸ்க்கை அவன் கையில் கொடுக்கவே மாட்டேன், அதை வீட்டில் நானே பூட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். நஸீப் சரி என்று மற்ற வேலையை அவள் கண்ணெதிரே செய்தான். இரண்டரை மணித்தியாலம் டொரதி அந்தக் கதிரையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். குடித்தால் வெளியே போகவேண்டி வரும், வெளியே போனால் என்ன நடக்கும் என்று யார் கண்டது? பன்னிரண்டு மணிபோலத் திரை வெளிச்சமாகி விண்டோஸ் எழுந்து வந்தது. உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் விடவில்லை. பில்லில் எழுதியிருக்கிற சாமானும் உள்ளே இருக்கிற சாமானும் ஒன்றா என்று கழற்றிக் காட்டச் சொன்னாள். நஸீப் பெருமூச்சு விட்டான், ஆனால் காட்டினான். ரேம் என்பது அரைச் சாண் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு. ஒரு ஓரத்தில் தங்க நிறத்தில் பல் பல்லாக வரிசை கட்டியிருக்கும். அதைக் கழற்றி மேசையில் வைத்தபோதுதான் கீழே பள்ளிவாசலில் பாங்கு சொன்னது.

"மிஸ், கொஞ்சம் கடையப் பாத்துக்கொங்க. தொழுதிட்டு ஓடி வாரன்."

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டான். காசு வைக்கிற மேசை லாச்சியைப் பூட்டவில்லை, கதவைச் சாத்தவில்லை. சுவரோரமாக லப்டொப் ஆறோ ஏழோ அடுக்கியிருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கடையை விட்டுவிட்டுப் போகிறானே, இவன் என்ன பைத்தியமா? இல்லை, எங்கேயாவது கமரா வைத்திருப்பான் என்று டொரதி கூரையின் நாலு மூலையையும் பார்த்தாள். கமரா இல்லை. அதுவும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

பிறகு கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்தாள். எங்கே வைப்பது? பச்சைப் பக்கமெல்லாம் கறுப்புச் சில்லும் ஸ்டிக்கரும். அங்கே வைத்தால் அவன் கண்ணில் பட்டுவிடும், படுகிற அடையாளத்தைச் சுரண்டிவிட எவ்வளவு நேரம்? தங்கப் பல் வரிசைதான் பளிச்சென்று இருந்தது. அதன் ஓரத்தில் நாலைந்து பல் மூடுகிற மாதிரி கொழுக்கென்று ஒரு பொட்டு வைத்தாள். ஊதி ஊதிக் காயவைத்து, பொட்டு கீழே இருக்கும்படி திருப்பி வைத்தாள். மனம் அப்போதுதான் அடங்கியது.

நஸீப் சட்டைக்கை நுனி நனைந்தபடி ஓடி வந்தான். டொரதி உடனே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினாள். அவன் ரேமை எடுத்துப் பார்க்காமலே அதனிடத்தில் அழுத்திப் பெட்டியை மூடினான். ஐந்து நிமிடம் இருங்கள், ஒருதரம் போட்டுக் காட்டிவிடுகிறேன் என்று கேட்டான். கேட்டான், அதைச் சொல்லியே ஆகவேண்டும். வேண்டாம், ஓடினதைத்தான் பார்த்தேனே என்றாள் டொரதி. எதையும் மூன்று தரம் பார்க்கிற மனுஷி, பொட்டு வைத்தாயிற்று, இனி என்ன பயம் என்ற தைரியத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய டிஸ்க்கைப் பூட்டி, ஜொனியை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. பிறகு பெட்டி பீப், பீப், பீப் என்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் மூன்று பீப். பத்துத் தரம் போட்டிருப்பாள். வெளியே இருந்து ஜொனி, ரிவர்ஸ் எடுக்கிற லொறி மாதிரி இருக்கிறதே, பின்னால் யாராவது நிற்கிறார்களா பார் என்றான். பாவி மனுஷனுக்கு எந்த நேரத்தில் விளையாட்டு!

டொரதி பெட்டியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தாள். ரேம் அதனிடத்தில் நின்றது. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், சிவப்பு எங்கேயும் இல்லை. தங்கப் பல் வரிசை முழுவதும் துவாரத்துக்குள் இறங்கிப் போயிருந்தது. ரேம் என்றால் அப்படித்தான் பூட்டுவார்கள் என்பது அந்த நேரத்தில் அவளுடைய புத்திக்கு எட்டவேயில்லை. நாற்பத்தேழு வருடத்துக்கு முந்தின ரேடியோதான் ஞாபகம் வந்தது.

"மாத்திட்டான்," என்றாள்.

எப்போது மாற்றினான், நீதான் கண் எடுக்காமல் இருந்தாயே என்று ஜொனி கேட்டான். பஸ்ஸுக்கு அவசரப்படுத்தினேனே, அந்த ஒரு நிமிடத்தில்தான் என்றாள் டொரதி. அடையாளத்தை எங்கே வைத்தாய் என்று கேட்டதற்கு, வைக்கவேண்டிய இடத்தில் என்று சொன்னாள். புருஷனிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை. ஒருதரம் கழற்றிப் பாரேன் என்றான் ஜொனி, அவன் சொன்னபடி பார்த்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கழற்றினால் நான்தான் மாற்றினேன் என்று நஸீப் திருப்பிவிடுவான், அப்படியே கொண்டுபோனால்தான் சாட்சி என்று மூடிவைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அதே மாடிப்படி ஏறினாள். அப்பாவுக்காகவும் சேர்த்து ஏறினாள் என்றுதான் சொல்லவேண்டும். கடையில் பெரிய மனிதர் ஒருவர், மகள் பஸ்னாவின் லப்டொப்பைப் பழுதுபார்க்கக் கொடுக்க வந்திருந்தார். அவர்கள் போகும்வரை டொரதி பொறுக்கவில்லை. அவர்கள் கேட்கட்டும் என்றுதான் பேசினாள். நான் பார்த்து வாங்கின சாமானுக்கு அடையாளம் இருக்கிறது, அந்தச் சாமான் இதற்குள் இல்லை, என் கண்ணெதிரே ஓடின ரேமை எடுத்துவிட்டு ஏதோ செத்த ரேமைப் போட்டு அனுப்பிவிட்டீர்கள், தோட்டத்து ஆட்கள் என்றால் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தீர்களா என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நஸீப்பின் முகம் செத்துப்போனது. பெரிய மனிதர் மேசையில் வைத்த லப்டொப்பை மெதுவாக எடுத்துத் திரும்பவும் உறைக்குள் போட்டு, பிறகு வருகிறோம் என்று சொல்லி மகளையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

நஸீப் சத்தம் போடவில்லை. பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தான்.

"அடையாளம் இரிக்கி எண்டு செல்லுறீங்களே மிஸ், என்ன அடையாளம்?"

"அத சொல்லமாட்டேன் தம்பி. சொன்னா நீங்க போட்டுருவீங்க."

அவன் இரண்டு பெருவிரலாலும் பிடியைத் தள்ளி ரேமை வெளியே இழுத்தான். தங்கப் பல் வரிசை வெளிச்சத்துக்கு வந்தது. ஓரத்தில் நாலைந்து பல்லை மூடிக்கொண்டு கொழுக்கென்று சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

அந்தப் பல் வழியாகத்தான் கரண்ட் போகும் என்று டொரதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, பார்த்த உடனே விளங்கிவிட்டது. மாற்றவில்லை. ஒன்றையும் மாற்றவில்லை. அவளுடைய பொட்டுதான் அவளுடைய பெட்டியை ஊமையாக்கியிருந்தது.

நஸீப் அந்தச் சிவப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அவள் சொன்ன அடையாளம் ஏதாவது ஸ்டிக்கர் நம்பராக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தான், இது என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. பிறகு அவன் முகமும் மாறியது. கொழும்பிலிருந்து பழைய சாமான் பையில் போட்டுக்கொண்டுவந்து கொடுக்கிற அர்கமுடைய வேலை இது, பழுதான ரேமில் எதையோ பூசிச் சமாளித்து என் தலையில் கட்டியிருக்கிறான், இனி அவனிடம் ஒரு ஆணிகூட வாங்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தான். இப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ரேமைத் துடைத்துத் தருவான், இல்லாவிட்டால் வேறு தருவான், பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம், அர்கம் எவனோ, அவன் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அப்படியும் ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் போன் அடிக்கிற சத்தம் கேட்டதும் அவளால் இருக்க முடியவில்லை.

"வேணாம் தம்பி, வைங்க. அது என் கையால வச்ச பொட்டு."

"எப்ப?"

"நேத்து. நீங்க தொழப் போனப்ப."

நஸீப் போனை வைத்தான். ஏன் என்று கேட்டான். நீங்கள் மாற்றிவிடுவீர்கள் என்றுதான் என்று டொரதி சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி என்றாள். பரவாயில்லை மிஸ் என்றான் அவன். லாச்சியிலிருந்து தின்னர் எடுத்துப் பிரஷ்ஷால் பொட்டைக் கரைத்தான், பென்சில் அழிறப்பரால் பல் வரிசையை மேலும் கீழும் தேய்த்தான், துடைத்துப் பூட்டினான். சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு பீப், திரை வெளிச்சமானது. திங்கட்கிழமைக்கு இனிப் பயமில்லை. டொரதி கைப்பையிலிருந்து காசு எடுத்து நீட்டியதற்கு, இதற்கெல்லாம் காசு வேண்டாம் என்று தலையசைத்தான். ஒரு மணித்தியாலம் ஓடட்டும், சூடாகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவேன் என்றும் சொன்னான். குரலில் கோபமே இல்லை. அதன் பிறகு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறொரு பெட்டியைத் திறந்து உட்கார்ந்தான்.

பன்னிரண்டரை மணிக்குப் பாங்கு சொன்னது. நஸீப் எழுந்து, சட்டைக்கையை மடித்துக்கொண்டு, வாசல்வரை போனான். வாசலில் ஒரு நிமிடம் நின்றான். லப்டொப் அடுக்கைப் பார்த்தான், லாச்சியைப் பார்த்தான், பிறகு டொரதியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மிஸ், கொஞ்சம் வெளிய இரிங்களே. பூட்டிட்டுப் போறன்."

டொரதி எழுந்து வெளியே வந்தாள். அவன் ஷட்டரை இழுத்துப் பூட்டினான். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். வீட்டில் டொரதியும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பாள். பிறகு அவளைத் தாண்டிப் படியிறங்கிப் போனான்.

மாடிப்படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான், பழைய ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. ஆறு வினாத்தாள், பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக இன்னொருவனுடைய சாவிக்குள். நேற்றாக இருந்தால் தெருவைக் கூட்டியிருப்பாள். இன்றைக்கு அதைப் பற்றி அவளுக்கு ஒரு துளி பயமும் வரவில்லை. அவன் தொடமாட்டான் என்று தெரிந்தது. அந்தப் பூட்டுச் சத்தம்தான் வலித்தது. நான் என்ன கள்ளியா தம்பி என்று கேட்கவேண்டும் போல் தொண்டைவரை வந்தது, கேட்பதற்குத்தான் அவளுக்கு வாய் இல்லை. கீழே பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும்வரைக்கும், ஷட்டருக்குள்ளே தன்னுடைய பெட்டியின் விசிறி ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி அந்தப் படியிலேயே இருந்தாள்.